இரண்டாவது விரிப்பு

பிற்பகல் மூன்று மணிக்கு, மகள் படுத்திருந்த விரிப்பு தூங்கிவிட்டதாகத் திரை சொன்னது.

அந்த சென்சார் விரிப்பை எப்போது தூங்க வைப்பது, எப்போது எழுப்புவது என்று அதன் கர்னலில், அதாவது அடிப்படை மென்பொருளில், எழுதியவள் அம்மாவான அவள்தான். மேலே ஒரு மூச்சும் தொண்ணூறு விநாடி தென்படாவிட்டால் கட்டிலில் யாருமில்லை, பேட்டரி எதற்கு வீணாக வேண்டும், தூங்கட்டும். மூச்சோ நாடித்துடிப்போ பட்டதும் விழித்துக்கொள்ளும். சோதித்துப் பார்க்க ஆபீஸிலிருந்து இரண்டு விரிப்புகள் கொண்டுவந்திருந்தாள். ஒன்று மகளுக்கு அடியில். இன்னொன்று அதே அறையில் பூட்டிய மர அலமாரியில்.

அலமாரியில் இருந்தது விழித்திருந்தது. நிமிடத்துக்கு முப்பத்திரண்டு மூச்சு.

லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு, ஃபேனின் கிறீச்சும் பவுடர் வாசனையும் நிறைந்த அறைக்குள் ஓடினாள். கம்பிக் கட்டிலில் மகள் கண் விழித்துப் படுத்திருந்தாள். அம்மாவைப் பார்த்துச் சிரித்தாள். போன உயிர் திரும்பி வந்தது.

“ரெண்டோட நம்பரையும் மாத்திப் போட்டிருப்பே,” என்றார் ஆபீஸ் சீனியர், போனில். “போன மாசமும் இதே கூத்துதானே? புள்ளைய எடுத்துட்டு, கைய வச்சுப் பாரும்மா.”

அப்படித்தான் இருக்கும் என்று அசடு வழிந்தாள். மகளைத் தோளில் சாய்த்துக்கொண்டு கட்டில் விரிப்பில் உள்ளங்கையை வைத்தாள்.

முதல் விரிப்பு விழித்தது. கையை எடுத்தாள். தொண்ணூறு விநாடியில் தூங்கியது.

நம்பர் மாறவில்லை.

மகளை மறுபடி படுக்க வைத்தாள். மகள் காலை உதைத்தாள், புரண்டாள். முதல் விரிப்பு தூங்கிக்கொண்டே இருந்தது. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது: தோளில் இருந்தவரை கழுத்தில் மூச்சே படவில்லை.

“என்னம்மா, சரியாத்தானே இருக்கு?” என்றார் சீனியர்.

போனைக் கீழே போட்டாள்.

இரண்டாவது விரிப்பு. நாற்பது. ஐம்பத்து நான்கு.

அலமாரிக்குள் சுரண்டும் சத்தம். சின்ன நகங்கள்.

“ம்மா...”

பாய்ந்தாள். கதவை இழுத்தாள். அசையவில்லை. சாவி மாட்டும் ஆணி காலி.

பின்னால் கட்டில் கம்பி கிலுங்கியது.

திரும்பினாள். மகள் எழுந்து நின்றிருந்தாள். வாயை மெல்லத் திறந்து காட்டினாள். நாக்கின் மேல் அலமாரிச் சாவி.

விழுங்கினாள்.

இரண்டாவது விரிப்பு. இருபது. ஏழு. பூஜ்யம்.

திரையில் தொண்ணூறு தோன்றி, ஒவ்வொன்றாகக் குறையத் தொடங்கியது.