இருளாயிக்குப் பதிலாள்

பெரட்டில் நான்காவது பெயரைக் கூப்பிட்டபோது ஹில்டாவுக்குப் பதில் வந்தது.

வந்திருக்கக்கூடாது. அவள் கையிலிருந்த நோட்டில் எழுதியிருந்த ஆறு பேரும் அவள் எழுதிக்கொண்டிருந்த நாவலின் பாத்திரங்கள். தாப்பாவுக்கு அருகே ஒரு ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்த அவளுடைய அப்பா, விடியுமுன் பெரட்டுக் களத்தில் தொழிலாளர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டு, பதில் சொன்னவர்களை மட்டும் வேலைக்கு அனுப்புவார். ஹில்டா அதையே தன் எழுத்துக்கும் வழக்கமாக்கிக்கொண்டாள். லகாட்டில் தன் வீட்டுச் சமையலறையில், காலை ஆறு மணிக்கு நின்றபடி பெயர்களைக் கூப்பிடுவாள். யாருடைய முகம் மனதில் தெளிவாக எழுகிறதோ, அன்று அவரை எழுதுவாள். பைத்தியக்காரத்தனம்தான். ஆனால் மூன்று நாவல்கள் இப்படித்தான் முடிந்தன.

"இருளாயி," என்றாள்.

"வந்தேங்க."

குரல் மகள் ஜானிஸின் அறையிலிருந்து வந்தது.

"ஜானிஸ், வெளையாடாதலா."

கதவைத் திறந்து பார்த்தாள். ஜானிஸ் போர்வைக்குள் அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். அறை முழுக்க ரப்பர் கட்டிப்பாலின் புளித்த வாடை, அப்பாவின் தோட்டத்தில் ரப்பரை வெட்டிச் செம்பனை நட்ட பிறகு முப்பது வருடமாக ஹில்டாவின் மூக்கில் ஏறாத அந்த வாடை, ஈரத் துணியைப் போலத் தொங்கிக்கொண்டிருந்தது. அவள் ஜன்னலைத் திறந்துவிட்டு வந்தாள்.

இருளாயி பால் மரம் சீவும் பெண். எத்தனை முறை திருத்தி எழுதியும் இரண்டு வருடமாக உயிரில்லாமல் கிடந்தவள். பேசினாள், அழுதாள், மரக்கட்டையாகவே இருந்தாள். போன வாரம் ஹில்டா பொறுமை இழந்து, ஜானிஸிடம் இருந்ததை எடுத்து இருளாயிக்குக் கொடுத்துவிட்டாள். சிரித்தால் மூடிக்கொள்ளும் இடது கண், நாய் என்றால் நடுக்கம், சோற்றை ஓரத்திலிருந்து தின்னும் பழக்கம். யாரைப் பார்த்து எழுதினோம் என்ற ஞாபகத்துக்காக, நோட்டில் இருளாயியின் பெயருக்குப் பக்கத்தில் ஜானிஸ் என்றும் எழுதி வைத்தாள். அன்றே இருளாயி தாளில் எழுந்து நடந்தாள். ஹில்டா சந்தோஷத்தில் அழுதாள்.

இன்று ஜானிஸ் வேலைக்குப் போகவில்லை. பக்கத்து வீட்டு நாயின் தலையைத் தடவிக் கொடுத்தாள். சோற்றை நடுவிலிருந்து அள்ளித் தின்றாள்.

"நீ பசியாறலியா யம்மா?" என்றாள்.

பேச்சு வந்த நாளிலிருந்து மம்மி என்று மட்டுமே கூப்பிட்ட பெண். சிரித்தாள். இரண்டு கண்களும் திறந்தே இருந்தன.

மதியம் மழை பிடித்தது. ஹில்டா மேசைக்குப் போய் இருளாயியின் அத்தியாயத்தைப் புரட்டினாள். கடைசிப் பக்கத்தில், அவளுடைய கையெழுத்திலேயே, அவள் எழுதாத வரிகள்.

'மம்மி, என் போனக் காணோம். இங்க ஒரே இருட்டா இருக்கு. எல்லாப் பக்கமும் மரம். இருளாயின்னு கூப்பிட்டு வாளியக் கையில குடுக்குறாங்க. வந்து கூட்டிட்டுப் போங்களேன்.'

அப்போதுதான் உறைத்தது. அப்பாவின் செக்ரோல் என்ற ஆள்பதிவுப் புத்தகத்தில் ஒருவர் பெயருக்குப் பக்கத்தில் இன்னொரு பெயர் எழுதினால் ஒரே அர்த்தம்தான். அவருக்குப் பதிலாக இவர் போகிறார். கிராணியின் மகள் தன் கையாலேயே எழுதியிருக்கிறாள்.

ஜானிஸ் என்ற பெயரை அடித்தாள். தாள் கிழியும்வரை அடித்தாள். அடுத்த தாளிலும் அந்தப் பெயர் இருந்தது. அதற்கடுத்த தாளிலும். ஆண்டவரே, என் பிள்ளையை விட்டுவிடும். கணவன் யேசுதாசன் இறந்தபின் அவளுக்கென்று இருந்தது இந்த ஒரு பெண்தான். நாவல் நாசமாகப் போகட்டும்.

ஒரு வழி இருந்தது. பெரட்டில் சொந்தப் பெயருக்குப் பதில் சொன்னவர் வந்தவராகிவிடுவார். முதல் குரலுக்கே அப்பா குறி போட்டுவிடுவார், தலை நிமிர்ந்து பார்க்கமாட்டார். ஹில்டாவின் கையும் அப்படியே பழகியிருந்தது.

புதிய தாளில் மகளின் பெயரைத் தனியாக எழுதினாள். எழுந்து நின்றாள்.

"ஜானிஸ்."

மழைச் சத்தம்.

"ஜானிஸ்!"

மேசைமேல் இருந்த காகிதக் கட்டுக்குள், வெகு தூரத்தில், மூச்சிரைப்பு. சருகு மிதிபடும் சத்தம். ஓடி வருகிறாள். வெறுங்கால். இன்னும் கொஞ்சம். வந்துவிட்டாள். வாய் திறக்கிறாள்.

"இருக்கேன் மம்மி."

காதோரம். காகிதத்திலிருந்து அல்ல, முதுகுக்குப் பின்னால்.

பேனா குறி போட்டுவிட்டது.

ஹில்டா திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை. தோளுக்கு மேலாக ஜானிஸின் கை நீண்டு, ஆவி பறக்கும் காப்பிக் கோப்பையைக் காகிதக் கட்டின்மேல் வைத்தது.

"குடிங்க மம்மி. ஆறிடும்."

கோப்பை ஆடியது. அடியில் தாள் மெல்ல மேலே எழும்பியது. உள்ளிருந்து ஐந்து விரல்நுனிகள். தோளுக்கு மேலாக நீண்டிருந்த கை கோப்பையின்மேல் படிந்தது. நிதானமாக அழுத்தியது. தாளுக்கடியில் விரல்கள் ஒவ்வொன்றாக அடங்கும்வரை.