பந்து மேலே போனால் ஓம்!

ஏர்னெஸ்ட் சாகவில்லை.

தள்ளி விட்டவருக்கு அதுதான் சிக்கல்!

தண்ணீர்த் தொட்டி மேலிருந்து விழுந்து மூன்று மாதம். கை, கால், நாக்கு... ஒன்றும் அசையாது. கண்கூட ஒரே இடத்தில் குத்தி நின்றது.

வட்டுக்கோட்டையில் ஷாமினியின் மூளை ஆராய்ச்சி அறை. காலை பத்து மணி.

இன்ஸ்பெக்டர் சிவதர்ஷன் மூலைக் கதிரையில் இருந்தார். இருபது வருசத்தில் எத்தனையோ பிரேதம் பார்த்த மனுசன். இப்போது எதைப் பார்த்தாலும் ஒன்றும் தோன்றுவதில்லை. பரிதாபமில்லை, கோபமுமில்லை. மனசு மரத்துப் போச்சு!

தள்ளியவன் என்று அவர் பிடித்து றிமாண்ட் சிறையில் போட்டது றோயை. ஏர்னெஸ்டின் நீர்வேலி வாழைத்தோட்டத்து மேற்பார்வையாளன். ஷாமினியின் கூடப் பிறந்தவன். நாளை வழக்கு!

"பிழையான ஆளைப் பிடிச்சிருக்கிறியள், சேர்."

"உம்மடை அண்ணை எண்டால் நீர் அப்பிடித்தானே சொல்லுவீர்?"

"நான் சொல்லேல்லை. ஏர்னெஸ்ட் ஐயா சொல்லட்டும்!"

வயர்கள் தொங்கிய தொப்பியை ஏர்னெஸ்டின் தலையில் மாட்டினாள். எதிரே திரை. திரையில் ஒரு சிவப்புப் பந்து.

"ஐயா, ஓம் எண்டால் கையைப் பொத்துற மாதிரி நினையுங்கோ. மூளையிலை எழும்புற மின்சாரத்தைத் தொப்பி பிடிக்கும். பந்து மேலை போகும். இல்லையெண்டால் சும்மா இருங்கோ. உங்கடை பேர் ஏர்னெஸ்டோ?"

பந்து அசையவில்லை.

"பாத்தியளே! அண்ணைக்கு ஒண்டும் விளங்கேல்லை. ஏன் அந்த மனுசனை வதைக்கிறியள்?" என்றார் ஏர்னெஸ்டின் தம்பி ஜொனதன்.

ஷாமினி குனிந்தாள். மூக்கைச் சுருக்கினாள்.

"ஆர் தலையிலை ஓடிக்கொலோன் சென்ற் தடவினது?"

"நான் இல்லைப் பிள்ளை," என்றார் ஏர்னெஸ்டின் மனைவி பொன்மலர். "வாகனத்திலை வரேக்கை ஜொனதன்தான் தடவினவன்."

"வருத்தக்காரருக்குத் தடவுறதுதானே! எங்கடை பழக்கம்!"

"பொன்மலர் அன்ரியிட்டைத் தலைக்கு எண்ணெய் வைக்காதேங்கோ எண்டனான். வைக்கேல்லை. ஓடிக்கொலோன் பட்டால் வாசிக்காது எண்டு உங்களிட்டை மட்டும்தான் சொன்னனான், அங்கிள்!"

ஜொனதன் முகத்தில் ரத்தமில்லை.

"ம... மறந்து போனன்..."

"பரவாயில்லை. துடைச்சுப்போட்டுக் கேப்பம்."

ஈரத்துணியால் துடைத்தாள். மறுபடி தொப்பி.

"உங்கடை பேர் ஏர்னெஸ்டோ?"

பந்து... ஜிவ்வென்று மேலே போனது!

"தள்ளினது றோயோ?"

பந்து கீழே விழுந்து கிடந்தது.

"தள்ளினது ஜொனத—"

"நிப்பாட்டு!"

ஜொனதன் பாய்ந்து பிளக்கைப் பிடுங்கி எறிந்தார்!

"தோட்டத்தைத் தேவாலய மிஷனுக்கு எழுதப் போறன் எண்டு ஒரே பிடியிலை நிண்டவர்! கோவத்திலைதான் தள்ளினனான்... ஐயோ, கர்த்தரே!"

பொன்மலர் அழவில்லை. "இவன் மூண்டு மாசமா என்ரை கையாலைதானே சோறு திண்டவன்..." என்று மட்டும் சொன்னார்.

விலங்கு 'க்ளிக்'கென்றது. அப்போதும் சிவதர்ஷனுக்கு ஒன்றும் தோன்றவில்லை.

ஜொனதனை ஜீப்பில் ஏற்றிவிட்டுத் திரும்பி வந்தார்.

"றோயை விடச் சொல்லி நாளைக்கு நானே கோட்டிலை கதைக்கிறன். மெசின்ரை றிப்போட்டைத் தாரும்."

"மெசின் இன்னும் கப்பலிலை, சேர்."

"அப்ப... உந்தத் தொப்பி?"

"நீச்சல் தொப்பி. வயர் பழைய றேடியோவிலை கழட்டினது."

"பந்து?"

மேசைக்குக் கீழிருந்து மௌஸைத் தூக்கிக் காட்டினாள்.

"அடி பாவி! அப்ப நீர் ஏர்னெஸ்ட் ஐயாவின்ரை மூளையை வாசிக்கவே இல்லையோ?"

"நான் வாசிச்சது ஜொனதன் அங்கிளின்ரை மூளையை, சேர். அதுக்குத் தொப்பியே தேவைப்படேல்லை!"