குகை வாசலில் ஆள் கணக்கு

பிரான்ஸிலிருந்து திரும்பியதிலிருந்து மனைவி செங்கமலம் மின்விசிறியைப் போடவே இல்லை. சித்திரை வெயிலில் குவார்ட்டர்ஸ் கூரை கொதிக்க, ஜன்னல் வழியே வந்த நிலக்கரித் தூசி வியர்வையோடு கழுத்தில் ஒட்டிக்கொள்ள, வீங்கிய கால்களை ஸ்டூலில் தூக்கி வைத்துச் சாய்ந்திருந்த சிவப்பிரகாசம், சமையலறையிலிருந்து வரும் அந்த வாசனையை மறுபடியும் முகர்ந்தார். ஈரச் சுண்ணாம்பு, பூஞ்சை, புளித்த திராட்சை. சாம்பார் கொதிக்க வேண்டிய நேரம்.

மகன் ஆசைப்பட்டு அனுப்பிவைத்த பயணம். கோட்டை கோட்டையாக ஏறி, எந்த ராஜாவோ உலாவிய தோட்டங்களிலெல்லாம் நடந்து, காலமெல்லாம் மைன்ஸில் ஷிப்ட் பார்த்த மனுஷருக்கே போதும் போதும் என்றாகிவிட்டது. கடைசியாக ஒயின் குகை. மலையைக் குடைந்த இருட்டில் வரிசையாகப் பீப்பாய்கள். வெளியே வரும்போது பின்னால் செங்கமலம், “இருங்க, கால் வலிக்குது” என்றாள். அவர் நிற்கவில்லை. பஸ்ஸில் போய் உட்கார்ந்தால் போதும் என்றிருந்தது.

இரும்புக் கதவருகே கைடு சங்கீதா, பாண்டிச்சேரிப் பெண், ஆள் எண்ணினாள். ஓர் ஆள் குறைந்தது. ஷிப்ட் முடிந்து பஸ் கிளம்பும்போது பின்தங்கியவனுக்கும் சேர்த்து ‘வந்துட்டான்’ என்று குரல் கொடுப்பது அவருக்கு வழக்கம். அதே வாய்தான் “வந்துட்டாங்கம்மா” என்றது. கதவைப் பூட்டினார்கள். பஸ் ஏறினால், செங்கமலம் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். எப்படி முந்தினாய் என்று கேட்கக்கூட அவருக்குத் தெம்பில்லை.

அதற்குப் பிறகு அவள் ஒருமுறைகூடக் கால் வலி என்று சொல்லவில்லை.

“ஃபேன் போடேன். வெந்துகினு கெடக்குது.”

“குளிருதுங்க.”

சமையலறையில் விளக்கும் எரியவில்லை. போன் அடித்தது. சங்கீதா.

“சார், வேற குரூப்போட அதே குகைக்கு வந்திருக்கேன். எல்லாரும் வெளிய வந்தாச்சு. ஆனா உள்ள யாரோ தமிழ்ல கூப்பிடுற மாதிரி இருக்கு. அன்னைக்கு மேடம் வந்துட்டாங்கதானே? கதவ பூட்டப் போறாங்க.”

போனைக் காதில் அழுத்தினார். காற்று. சொட்டும் தண்ணீர். அதற்கும் பின்னால், ரொம்ப ஆழத்தில்.

“இருங்க... கால் வலிக்குது.”

அவள் குரல். காலமெல்லாம் கேட்ட குரல்.

பூட்டாதீங்கம்மா என்று சொல்ல வாயெடுத்தார். பின்கழுத்தில் விரல்கள் பட்டன. ஈரம். காலடிச் சத்தமே கேட்கவில்லை.

“வந்துட்டேன்னு சொல்லுங்க.” காதோரம். மெதுவாக.

“சார், கேக்குதா? பூட்டிடலாமா?”

விரல்கள் இறுகின.

“வந்துட்டாங்கம்மா.”

இரும்புக் கதவு சாத்தும் சத்தம். உள்ளேயிருந்து தட்டும் சத்தம். பிறகு ஒன்றுமில்லை.

ஈரக் கை ஒன்று போனை வாங்கி வைத்தது. அது தரையில் உட்கார்ந்து, அவருடைய வீங்கிய கால்களை மடியில் எடுத்து, பதமாகப் பிடித்துவிட ஆரம்பித்தது.