சன்னலில் இருந்த புட்டி

அன்று அந்த வீட்டில் இருந்தவர்கள் மூன்று பேர்: குரிக்கேயோ குடும்பத்தின் மூத்தவர் அன்செல்மோ, அவருடைய தம்பி ஃபெர்மீன், தம்பி மனைவி எர்சிலியா. வேறு யாரும் வரவில்லை. ஊர் வைத்தியச்சியான மாச்சியிடம் காட்டிவிட்டு அன்செல்மோ திருப்பிக் கொண்டுவந்து சன்னலில் வைத்த புட்டியில், காலையில் தெளிந்த மஞ்சளாக இருந்த மூத்திரம் மதியத்துக்குள் கலங்கியிருந்தது.

பத்து நாட்களுக்கு முன் தெமூக்கோ நகர ஆஸ்பத்திரியில் ஃபெர்மீனின் சிறுநீரகக் கல்லை எடுத்து, உள்ளே மெல்லிய குழாய் ஒன்றை வைத்து அனுப்பியிருந்தார்கள். காய்ச்சலோ நடுக்கமோ வந்தால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது என்று நர்ஸ் இரண்டு முறை சொன்னாள். முந்தின நாள் மாலை நடுக்கம் வந்தது. முதலில் மாச்சி பார்க்கட்டும் என்றார் அன்செல்மோ. நோயாளியின் விடியற்கால முதல் மூத்திரத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, நோயையும் அது வந்த வழியையும் சொல்வாள் மாச்சி.

"அண்ணே, ஊர்ப் பெரியவர் என் மூத்திரத்தத் தூக்கிட்டுப் போறீங்க. பாத்து, சிந்திடாதீங்க" என்று அன்று விடியலில் பல் கிடுகிடுக்கச் சிரித்தான் ஃபெர்மீன்.

புட்டிக்குள் இரத்தமும் சீழும் திரிதிரியாக மிதந்தன. மாச்சி வீட்டு வாசலில், இவர்களோடு ஆகாத பைனெவிலு குடும்பத்தார் காத்திருப்பார்கள். அவள் உரக்கச் சொல்வாள். நோய் சொந்த வீட்டுப் பொறாமையால் வந்தது என்று ஒரு சொல் விழுந்தால் போதும், குரிக்கேயோ பெயர் மாலைக்குள் நாறும். வழியில் ஓடையருகே அன்செல்மோ நின்றார். புட்டியைக் கவிழ்த்தார். கழுவினார். தன்னுடையதை நிரப்பிக்கொண்டார்.

மாச்சி கார்மேலா ஒருமுறைதான் பார்த்தாள். பிறகு அவரைத் தனியாக மரத்தடிக்கு அழைத்துச் சென்றாள். அந்த மரியாதைதான் அவரை அதிகம் எரித்தது.

"இது நோயாளியோட தண்ணி இல்ல. யாரோடதுன்னு நான் கேக்கல. வெளியாள் வச்ச குழாயோட சூடு என் மூலிகைக்கு அடங்காது. இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க." புட்டியைத் திருப்பிக் கொடுத்தாள். "அவனோடத எங்க கொட்டினீங்களோ, அங்கிருந்து அது இந்தப் புட்டியத் தேடி வரும்."

வீட்டில் எர்சிலியா வாசலிலேயே நின்றிருந்தாள். "மச்சான், மாச்சி என்ன பாத்தாங்க? தண்ணியில என்ன இருந்துச்சு?"

உண்மையைச் சொன்னால் ஓடையையும் சொல்ல வேண்டும். நாளை விடியலில் சரியான மூத்திரத்தைக் கொண்டுபோனால் ஆயிற்று. ஒரு நாள்தானே.

"பயப்பட ஒண்ணுமில்லன்னாங்க. கஷாயம் குடு."

"கொதிக்குது மச்சான்! வண்டி கூப்பிடுங்கன்னு எத்தன தடவ சொல்றது? உங்க கௌரவத்த அடுப்புல போடுங்க!"

"பெரியவன் பேசிட்டேன்ல? வாய மூடு."

தகரக் கூரையில் மழை விடாமல் விழுந்தது. ஈர விறகின் புகை கண்ணைக் கரித்தது. கம்பளிக்கடியிலிருந்து பழைய இரும்பும் அழுகிய பழமும் கலந்தது போல ஒரு வாடை எழுந்து, மாத்தே இலைத் தேநீர் குடிக்கும் குவளையில்கூட ஏறியிருந்தது. திரும்பக் கூடாது என்று நினைத்துக்கொண்டே அன்செல்மோ சன்னல் பக்கம் திரும்பினார். புட்டியில் சிவப்பு நூல் ஒன்று சுருண்டு இறங்கிக்கொண்டிருந்தது. காலையில் இவர் கொட்டிய அதே திரி.

டிக்.

கண்ணாடியில் ஏதோ விழுந்தது. அடியில் கடுகளவு கல்.

தம்பி முனகினான். டிக். இன்னொன்று.

"மச்சான்... நடுக்கம் நின்னுடுச்சு."

நல்லதுதானே என்று வாய் திறந்தார். அவள் முகத்தைப் பார்த்தார்.

"கை சில்லுன்னு இருக்கு. கூப்பிட்டா திரும்பல."

மழையில் சாலைக்கு ஓடி அவள் ஒரு லாரியை மறித்தாள். ஃபெர்மீனைத் தூக்கியபோது தலை தொங்கியது. பாலத்தைத் தாண்டுமுன் மூச்சு நின்றது. வீட்டில் அன்செல்மோ மட்டும் இருந்தார். அவருடைய இடுப்பின் உள்ளே, வலப்பக்கம், ஏதோ உருண்டது. அதே நொடியில் சன்னலில்.

டிக்.

ஆஸ்பத்திரிக்குப் போகாமல் மாச்சிதான் தடுத்தாள் என்றும், குடும்பத்தார் அந்தப் புட்டியை அன்றே ஓடையில் எறிந்துவிட்டார்கள் என்றும் ஊரில் பேசுகிறார்கள். இரண்டும் பொய். மாச்சி போகத்தான் சொன்னாள். புட்டி அதே சன்னலில் இருக்கிறது. யாரும் அதைத் திறக்கவில்லை. கற்கள் கழுத்துவரை வந்துவிட்டன.