கைக்கோட்டில் விழாத அலை

நினைவின்றிக் கிடந்த நோயாளியை அவள் மகன் மூன்றாவது முறை "அம்மா" என்றபோதும் திரையில் கோடு லேசாக நெளிந்தது. டெக்னீஷியனுக்கு அது பிடிக்கவில்லை.

பதினாறு வருஷமாக நோயாளிகள் தலையில் பசை தடவிக் கம்பி ஒட்டி, மூளை அலைகளைத் திரையில் பார்ப்பவள் அவள். இவ்வளவு மங்கலான அலை என்றால் கருவியின் உணர்திறனை உச்சத்துக்கு ஏற்ற வேண்டும். ஏற்றினால் காலடி, சொட்டு மருந்து, சுவாச இயந்திரத்தின் பெருமூச்சு எல்லாமே நானும் அலைதான் என்று வந்து நிற்கும். அதனால்தான் நோயாளியின் புறங்கையிலும் ஒரு ஜோடிக் கம்பி ஒட்டுவாள். வெளி அதிர்வு என்றால் அந்தக் கம்பி வரையும் கைக்கோட்டிலும் விழும். மூளையின் அலை தலையில் மட்டும்.

கைக்கோடு அசையவே இல்லை.

"அக்கா, அம்மாவுக்குக் கேக்குதா?"

"டாக்டர் சொல்லுவார் தம்பி."

டாக்டர் திரையை ஒரு பார்வை பார்த்தார். "கட்டில்ல சாஞ்சுக்கிட்டு கூப்பிடறாருல்ல, அந்த ஆட்டம்தான். எழுதுங்கம்மா. மூளைச்சாவுக்கு மத்த டெஸ்ட் எல்லாம் முடிஞ்சாச்சு, எவ்வளவு நேரம் இவங்களைத் தவிக்க விடறது?"

கைக்கோடு அசையவில்லை என்று சொல்ல வாயெடுத்தாள். பிறகு வழக்கம்போல விழுங்கிவிட்டு, 'வெளி அதிர்வு' என்று எழுதினாள். மதியத்துக்குள் சுவாச இயந்திரத்தை நிறுத்தினார்கள்.

சன்னல் இல்லாத தன் அறையில், பசை நாற்றமும் ஸ்பிரிட் வாடையும் மூக்கில் ஏற, கழற்றிய கம்பிகளைக் கழுவ எடுத்தாள். பசையோடு இரண்டு நரைமுடிகள் ஒட்டியிருந்தன. வெளியே நடையில் மகன் "அம்மா, அம்மா" என்று கதறிக்கொண்டிருந்தான். தள்ளிக்கொண்டு வந்த கருவியில் கம்பிகள் இன்னும் செருகியபடியே இருந்தன; அணைக்க மறந்த திரையில் கோடு நெளிந்தது.

தலைக் கம்பிகளோடு கைக் கம்பிகளையும் சேர்த்து எடுத்தாள். கம்பிகளைத் தட்டில் போட்டாள். அதிர்வு ஏறாதபடி தட்டைத் தலையணைமேல் வைத்தாள். ஏசியை அணைத்தாள். விளக்கையும் அணைத்தாள். ஒவ்வொரு "அம்மா"வுக்கும் ஒரு நெளிவு.

கதவுப் பிடியில் கை வைத்தவள் அப்படியே நின்றாள். வெளியே போனால் அவன் முகத்தைப் பார்க்க வேண்டும். உள்ளே இது.

யாரோ அவனைத் தாங்கி அழைத்துப் போனார்கள். அழுகை தேய்ந்தது. நின்றது.

கோடு நிற்கவில்லை.

நெளிந்தது. மறுபடியும். விட்டு விட்டு, பிறகு விடாமல், முன்னைவிடப் பெரிதாக. இப்போது அது அவனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது.

கைக்கோடு அசையவே இல்லை.