சாம்பார் ரயில்

அன்று காலை செண்பகவல்லி அரைத்த தேங்காய்ச் சட்னி மறுபடியும் குளியலறைக்குப் போய்விட்டது.

செவ்வாய்க் குடியிருப்பில் எல்லார் தலைக்குள்ளும் எண்ணச்சில்லு உண்டு. நினைத்தால் விளக்கு எரியும். நினைத்தால் கதவு திறக்கும். அவள் கணவர் வேதமூர்த்தி ஒரு படி மேலே போய், வீடு முழுக்கப் பொம்மை ரயில் பாதை போட்டு, சமையலறையிலிருந்து மேசைக்குப் பலகாரம் ஓட்டிக்கொண்டிருந்தார். தண்டவாளம் இரண்டாகப் பிரியும் முனைகளில், அவர் மனம் போகும் பக்கம் பாதை திரும்பும். வம்பே அங்கேதான். சட்னி முனைக்கு வந்த நேரம் பார்த்து, குளியலறைக் குழாயை மூடினோமா என்று அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

“வெள்ளிக்கிழமை சம்பந்தி வீட்டுக்காரங்க சாப்பிட வராங்க. அன்னிக்கு சாம்பார் ஒழுங்கா மேசைக்கு வரலைன்னா, தண்டவாளத்தைப் பிடுங்கிட்டு கூடம் பூரா தக்காளி நட்டுடுவேன்,” என்றாள் செண்பகவல்லி. சொன்னால் செய்கிறவள் அவள்.

வேதமூர்த்தி உடனே கிளம்பினார். பழம்பொருள் கடையில் தேடிப்பிடித்து மின்சார சுவிட்சுகள் வாங்கினார். முனைக்கு முனை ஒரு குட்டி மோட்டார் வைத்து, கம்பி இழுத்து, சுவிட்ச் பலகையை வாசற்கதவோரம் அறைந்தார். பூமியில் அது கதவோரம்தான் இருக்குமாம். இனி முனைகள் சுவிட்சுக்கு மட்டும்தான் திரும்பும், சுவிட்சுக்குக் குழாய்க் கவலை கிடையாது என்று அவருக்கு ஒரே பெருமை.

வெள்ளிக்கிழமை ஸ்டேஷன் மாஸ்டர் மாதிரி சுவிட்சருகே நின்றார். சம்பந்தி மாணிக்கவாசகம் விடவில்லை.

“நீங்க நிக்க, நாங்க எப்படிச் சாப்பிடுறது? உக்காருங்க சம்பந்தி!”

உட்கார்ந்தார். சோற்றில் கை வைத்த பிறகுதான் சுவிட்ச் போடாதது நினைவுக்கு வந்தது. அதற்குள் சாம்பார் ரயில் கிளம்பிவிட்டது. பதறிப்போய், கூடத்தின் நடுவே, முனைக்கு முன்னால் அதை எண்ணத்தாலேயே நிறுத்தினார். பந்தியில் பாதியில் ஒருவர் எழுந்தால் எல்லோரும் எழுந்து கை கழுவ வேண்டும். கிரகம் மாறியும் அந்த வழக்கம் மாறவில்லை.

“ஏங்க, ஆறிப் போகுது,” என்று பல்லைக் கடித்தாள் செண்பகவல்லி. அவள் இடுப்பில் தக்காளி விதைப் பொட்டலம் எட்டிப் பார்த்தது.

நல்லவேளை, சாம்பார் வைத்த ரோபோ தும்பை சமையலறையில் சும்மா இருந்தது. வேதமூர்த்தி நினைத்தார். தும்பை வந்தது. ஆவி பறக்கும் சாம்பாரைக் கவனமாகத் தாண்டிக் கதவோரம் போய், சுவிட்சைத் தட்டிவிட்டுத் திரும்பியது. ரயில் கூவிக்கொண்டு மேசைக்கு வந்தது.

“அடேயப்பா! கை படாம சாம்பார் வருதே! எங்க வீட்டுக்கும் ஒண்ணு போட்டுக் குடுங்க சம்பந்தி,” என்றார் மாணிக்கவாசகம்.

“இவர் தொட்டா எதுவும் சோடை போகாதுங்க,” என்று பொட்டலத்தை உள்ளே தள்ளினாள் செண்பகவல்லி. வேதமூர்த்திக்கு உயிர் வந்தது.

தும்பை பணிவாகக் கேட்டது: “அப்பளத்தை நானே கையில் கொண்டுவந்து வைக்கட்டுமா?”

மேசையே சிரித்தது. “கையிலயா? அதெல்லாம் எந்தக் காலம்!” என்றார் மாணிக்கவாசகம்.

தும்பை அப்பளத்தை ரயிலில் ஏற்றி வைத்துவிட்டு, சுவிட்சை நோக்கி நடந்தது.