நல்ல பூச்சிகள்

மறுபடியும் குளியலறைக் கதவு சாத்தப்பட்டது. அடுப்படியில் நின்றவள் எட்டிப் பார்த்தாள். விடிந்ததிலிருந்து கணவன் உள்ளே போவதும், சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வருவதுமாக இருக்கிறான். இரைப்பையைச் சின்னதாக்கும் ஆபரேஷன் முடிந்து இரண்டு மாதமாகிறது. ஒருநாளும் இப்படி ஆனதில்லை.

"என்னங்க... ஆஸ்பத்திரிக்குப் போயிடலாமா?"

"எதுக்கு?" என்று முந்திக்கொண்டாள் மாமியார். "கெட்டதெல்லாம் வெளிய போவட்டும்! ரெண்டு ஸ்பூன் கஞ்சியில எம் புள்ளைய நிறுத்திட்டு, நீ மட்டும் வாஷிங் மெஷினுக்குப் பின்னால ஒளிஞ்சு நின்னு திங்கிற... பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்!"

அவள் கஞ்சியைக் கிளறினாள். வாசனை பட்டாலே அவனுக்கு நாக்கு ஊறும், மனசு அலையும் என்றுதான், ஆறிப்போனதை அங்கே நின்றபடி விழுங்குகிறாள். அவன் லிப்ட் மெக்கானிக். போன வருஷம் ஒரு மாடிப்படியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். இந்த உடம்பை இழுக்க இதயத்தால் முடியாது என்றார் டாக்டர். பயந்தவனைக் கெஞ்சிக் கெஞ்சி ஆபரேஷனுக்குச் சம்மதிக்க வைத்தவள் இவள்தான். ஏதாவது ஆகிவிட்டால்...!

உள்ளே தொப்பென்று சத்தம் கேட்டது.

கதவைத் தள்ளித் திறந்தாள். தரையில் கிடந்தான். உதடு காய்ந்திருந்தது. நெஞ்சில் கை வைத்தாள்; துடிப்பு ஓடி, நின்று, மறுபடி ஓடியது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் மாமியார் அவள் கையைக் கெட்டியாகப் பிடித்தாள்.

"நான்தாண்டி... விடியக்காலையில நீ அவனுக்கு ஆத்தி வெச்ச கஞ்சியில பேதி மருந்தைக் கலந்துட்டேன். அவனுக்குக்கூடத் தெரியாது..."

"அத்தை!"

"நீதானே சொன்ன? ஆபரேஷனுக்கப்புறம் குடல்ல புதுசா ஏதோ உயிருங்க பெருகுதுன்னு டாக்டர் சந்தோஷப்பட்டாருன்னு! வயித்துல பூச்சி வளந்தா எந்தத் தாய் சும்மா இருப்பா...?"

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அவை கண்ணுக்கே தெரியாதவை, அவற்றில் நல்லவை பெருகினால் உடம்புக்கும் நெஞ்சுக்கும் நல்லது என்று டாக்டர் சொன்னதை அரைகுறையாகச் சொல்லிவைத்தது தன் தப்புதான் என்று தோன்றியது. மருந்தின் பெயரைக் கேட்டுக்கொண்டு ஓடினாள்.

டாக்டர் கேட்டதும் முகம் சுளித்தார். "உடம்புல இருந்த தண்ணியும் உப்பும் போயிடுச்சு. அதான் இதயம் தாளம் தப்புது. யாரும்மா இந்தப் பேதி மருந்தைக் குடுத்தது?"

கட்டிலில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்த கணவன் கண் திறந்து பார்த்தான். ஒரே ஒரு சொல்லுக்காக உடன்பிறந்த அக்காவோடு பேச்சை முறித்தவன் அவன். அம்மா என்று தெரிந்தால்? அந்தக் கிழவிக்கு வேறு போக்கிடம் ஏது?

"நான்தான்."

"நீயா? உன்னை நம்பித்தானேடி வயித்தையே வெட்டிக்கிட்டேன்!" என்றவன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். "இனிமே எனக்கு எதுவும் செய்யாத."

அந்தச் சொல் நெஞ்சைக் கிழித்தது. அவள் தலைகுனிந்து நின்றாள்.

"பொய்!" கதவருகிலிருந்து மாமியார் அலறினாள். "பாவி நான்தாண்டா குடுத்தேன்! உனக்குக் கோவம்னா எங்கூடப் பேசாத. என்னை வீட்டைவிட்டுத் தொரத்து. அவளை ஒரு வார்த்தை சொல்லாத!"

அவன் கண்கள் நிறைந்தன. மனைவியை நோக்கிக் கை நீட்டினான்.

"எதுக்கு... ஏன் அப்படிச் சொன்ன?"

"அம்மாவையும் விட்டுட்டா அப்புறம் உங்களுக்கு யாருங்க இருக்கா?"

அவன் அவள் கையை முகத்தில் வைத்துக்கொண்டு குலுங்கி அழுதான். கொஞ்சம் பொறுத்து மற்றொரு கையை அம்மா பக்கம் நீட்டினான்.

வீடு திரும்பிய அன்று, அவள் வழக்கம்போலத் தட்டை எடுத்துக்கொண்டு வாஷிங் மெஷின் பக்கம் போனாள். மாமியார் வந்து வழியை மறித்தாள்.

"உக்காரு மேசையில."

"அவர் இருக்காரே, அத்தை..."

"நான்தான் உக்காரச் சொன்னேன்," என்றான் அவன். "நீ ஒளிஞ்சு சாப்பிடறதுதான் எனக்குச் செரிக்கல."

உட்கார்ந்தாள். அவன் தன் கிண்ணத்திலிருந்து ஒரு ஸ்பூன் தயிர் எடுத்தான். "அவனுக்கு இன்னும் ஒரு ஸ்பூன் வைடி," என்றாள் மாமியார், கண்ணைத் துடைத்துக்கொண்டே. "பாவம், அந்த நல்ல பூச்சிங்களையும் நான்தானே பேதியில வெரட்டுனேன்!"

எத்தனையோ நாளைக்கப்புறம் அவள் சூடான சோற்றைப் பிசைந்தாள். கண்ணீர் மறைத்ததில் முதல் கவளம் எங்கே போகிறதென்று தெரியவில்லை. மாமியார்தான் அவள் கையைப் பிடித்து வாய்க்குக் கொண்டுபோனாள்.